பொய் மேசியா மடவளைக்கு வந்த வழி

கண்டியை அடுத்த மடவளையின் பள்ளியில் இஷா தொழுகை முடியப்போகிறது. கடைசி இருப்பு. அத்தஹிய்யாத்தும் ஸலவாத்தும் ஓதியாயிற்று. ஸலாம் கொடுக்கு முன் ஒரு துவா இருக்கிறது, நான்கு காரியங்களிலிருந்து பாதுகாப்புக் கேட்பது: கப்றின் வேதனை, நரகத்தின் வேதனை, வாழ்விலும் மௌத்திலும் வருகிற சோதனை, நான்காவதாக மஸீஹுத் தஜ்ஜாலின் பித்னா. சின்ன வயதில் பாடமாக்கியது. நாக்கு தானாக ஓடும். அந்த நான்காவதில் வரும் இரண்டு சொற்களும் எந்த ஊரிலிருந்து கிளம்பி என் வாய்க்கு வந்தன என்று எந்த லெப்பையும் சொல்லித் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

கேட்க வைத்தது ஒரு துண்டுப்பிரசுரம். கண்டியில் வத்தேகம பஸ் புறப்படக் காத்திருந்தபோது யாரோ ஜன்னல் வழியாக நீட்டினார்கள். மலிவான தாள், மை விரலில் ஒட்டியது. மேலே கொட்டை எழுத்தில் ‘அந்திக்கிறிஸ்து’. நடுவில் ஒரு நெற்றி, நெற்றியில் 666. கீழே வசன எண்கள் வரிசையாக. பக்கத்தில் இருந்த நானா அதை வாங்கி, கையை நீட்டித் தூரப் பிடித்து வாசித்தார். “இது எங்கட தஜ்ஜால் தானே தம்பி. இவங்கட கைக்கு எப்படிப் போனான்?” என்றார்.

பஸ் மகாவலியைத் தாண்டும்வரை அந்தக் கேள்வியோடுதான் இருந்தேன். பிறகு தேடிப் பார்த்ததில் தெரிந்தது, நானா கேள்வியைத் தலைகீழாகப் போட்டிருந்தார். அவன் அவர்கள் கையிலிருந்துதான் எங்கள் கைக்கு வந்தான்.

முதல் ஊர் கிரேக்க மொழி. யோவான் பெயரில் வழங்கும் கடிதங்கள் மூன்று. முதல் இரண்டில் மட்டும் ‘அந்திக்றிஸ்தொஸ்’ என்ற சொல் வருகிறது. நான்கு வசனங்கள், ஐந்து தடவை. வேதாகமம் முழுவதையும் புரட்டினாலும் வேறெங்கும் இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகம் உண்டு, வலுசர்ப்பம் உண்டு, 666 உண்டு. இந்தச் சொல் கிடையாது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும் பாவமனுஷனுக்கும் இந்தப் பெயர் இல்லை. தானியேல் கண்ட சின்னக் கொம்புக்கும் இல்லை. இவர்களையெல்லாம் ஒரே ஆளாகச் சேர்த்துத் தைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரத்து ஆயர் இரேனேயு அந்தத் தையலில் முக்கியமான கை.

யோவானின் கடிதத்தில் அவன் ஓர் அரசனும் இல்லை, உலகத்தை ஆள வருகிறவனும் இல்லை. ‘அந்திக்கிறிஸ்துகள்’ என்று பன்மையிலேயே பேசுகிறார். யார் அவர்கள்? சபைக்குள் இருந்து, இயேசுவைப் பற்றி வேறு மாதிரிப் பேசத் தொடங்கி, பிரிந்து போனவர்கள். வீட்டுச் சண்டையில் பிறந்த சொல் இது. ஊருக்கு வெளியே இருந்த எதிரியை நினைத்து யோவான் அதை எழுதவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள், பிறகு தேவைப்படும்.

கிரேக்கத்திலிருந்து கிழக்கே போன கிளைதான் எங்களுடையது. சிரியாக் மொழிக் கிறிஸ்தவர்கள் தங்கள் வேதாகமத்தை, பெஷித்தா என்பதை, ஐந்தாம் நூற்றாண்டளவில் ஒரு நிலைக்குக் கொண்டுவந்தபோது யோவானின் சொல்லை அப்படியே எடுக்காமல் பொருளைப் பெயர்த்தார்கள்: ம்ஷீஹா தக்காலா. ‘ம்ஷீஹா’ மேசியா, ‘தக்காலா’ பொய்யன். சிரியாக்கின் ‘க’ அரபியில் ‘ஜ’ ஆகும். மஸீஹ், தஜ்ஜால். அவ்வளவுதான். அரபு அகராதிக்காரர்கள் வேறு வேரும் சொல்வார்கள். சொறி பிடித்த ஒட்டகத்துக்குத் தார் பூசி மூடுவதற்கு ‘தஜல’ என்ற வினை இருக்கிறது, உண்மையை மூடுகிறவன் தஜ்ஜால் என்று. அழகான விளக்கம். ஆனால் இரண்டு சொற்களும் அதே இணையாக, அதே ஆளைக் குறித்து சிரியாக்கில் முன்பே நிற்கும்போது மொழியியலாளர்கள் சிரியாக் பக்கம் சாய்வதில் ஆச்சரியமில்லை.

பழைய பெஷித்தாவில் வெளிப்படுத்தின விசேஷம் இல்லை. யோவானின் இரண்டாம், மூன்றாம் கடிதங்களும் இல்லை. அதனால்தானோ என்னவோ, 666 என்ற எண் எங்கள் தஜ்ஜாலோடு கூட வரவில்லை. இது என் ஊகம். அவனுடைய நெற்றியில் எண் இல்லை. இரு கண்களுக்கிடையே காஃப், ஃபே, றே என்று மூன்று எழுத்துகள், ‘காபிர்’ என்பதன் எழுத்துகள், இருக்கும் என்கிறது ஹதீஸ். ஒரு கண் குருடு. குர்ஆனிலோ தஜ்ஜால் என்ற பெயரே கிடையாது. அவனைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் ஹதீஸ் வழியாகத்தான்.

அதில் ஒரு ஹதீஸை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஸஹீஹ் முஸ்லிமில் பாத்திமா பின்த் கைஸ் அறிவிப்பது. தொழுகை முடிந்ததும் நபிகள் நாயகம் எல்லோரையும் இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லி, புன்னகையோடு மிம்பரில் அமர்ந்து, தமீமுத் தாரி என்பவர் சொன்ன கதையைச் சொல்கிறார்கள். தமீம் கிறிஸ்தவராக இருந்து இஸ்லாத்துக்கு வந்தவர். லக்ம், ஜுதாம் கோத்திரத்து முப்பது பேரோடு கப்பலில் போனார். ஒரு மாதம் அலை அலைக்கழித்தது. அந்தி சாயும் நேரத்தில் ஒரு தீவில் ஒதுங்கினார்கள். முன் எது பின் எது என்று தெரியாத அளவுக்கு மயிர் அடர்ந்த ஒரு பிராணி வந்தது. பேசியது. தன் பெயர் ஜஸ்ஸாஸா, உளவு பார்ப்பவள் என்றது. அங்கே உள்ள மடத்துக்குப் போங்கள், உங்களைப் பார்க்க ஒருவன் துடித்துக்கொண்டிருக்கிறான் என்றது. போனார்கள். கழுத்தோடு கை சேர்த்து இரும்பால் பிணைக்கப்பட்ட பெரிய உருவம். பைஸான் ஈச்ச மரங்கள் காய்க்கின்றனவா, தபரிய்யா ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, ஸுகர் ஊற்று ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். தஜ்ஜால்.

ஹதீஸில் அந்த மடத்துக்கு வரும் அரபுச் சொல் ‘தைர்’. கிறிஸ்தவத் துறவிகளின் மடத்துக்கு வழங்கும் சொல். கிறிஸ்தவராக இருந்தவர் கடலில் கண்ட கதை, கிறிஸ்தவ மடத்துக்குள் கட்டுண்ட பொய் மேசியா. அதைத் தாம் ஏற்கனவே சொல்லிவந்ததோடு ஒத்துப்போகிறது என்று மிம்பரில் இருந்தே நாயகம் சொல்கிறார்கள். நானாவிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வாரோ தெரியாது. எனக்கு இந்த ஹதீஸில் பிடித்ததே இதுதான்: கதை வந்த வாசல் எது என்பதை அது மறைக்கவில்லை.

அவன் மக்காவுக்கும் மதீனாவுக்கும் நுழைய முடியாது என்பதும் இதே ஹதீஸில் உண்டு. எங்கள் ஊர்ப் பாடசாலையின் பெயர் மதீனா. எங்கள் வகுப்புக்குள்ளும் தஜ்ஜால் வரமாட்டான் என்று எட்டு வயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன்; கணக்குப் பாட ஆசிரியர் வருவதைத்தான் எதுவும் தடுக்கவில்லை.

முடிவைப் பாருங்கள். டமஸ்கஸின் கிழக்கே வெள்ளை மினாரா அருகில் ஈஸா நபி, அதாவது இயேசு, இறங்குவார். அவருடைய மூச்சுப் பட்டாலே காபிர்கள் மடிவார்கள். தஜ்ஜால் அவரைக் கண்டதும் தண்ணீரில் விழுந்த உப்பாகக் கரைவான். லுத்து வாசலில் அவன் கதை முடியும். லுத்து இன்றைய லோத். இஸ்ரேலுக்கு வேலைக்குப் போகும் நம்மவர்கள் இறங்குகிற விமான நிலையம் அதற்குப் பக்கத்தில்தான். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதிலும் பாவமனுஷன் அழிவது இயேசுவின் வாயின் மூச்சால். ஆக இரண்டு வீட்டாரும் காத்திருப்பது ஒரே ஆளுக்காக. பயப்படுவதும் ஒரே ஆளுக்கு. அப்படியிருந்தும் அதே டமஸ்கஸில் பிறந்து எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யோவான் தமஸ்கேனு இஸ்லாத்தையே அந்திக்கிறிஸ்துவின் முன்னோடி என்று எழுதிவைத்தார். வீட்டுச் சண்டையில் பிறந்த அந்தச் சொல் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கல்லெறியத் தொடங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

இனிக் கடல். சிரியாக் வடிவமே ஈழத்துக்கு முதலில் வந்திருக்கலாம். ஆறாம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர் தப்ரோபனேயில், அதாவது இலங்கையில், பாரசீகக் கிறிஸ்தவர்களின் சபை ஒன்று இருப்பதாகவும், அதன் குருவானவர் பாரசீகத்தில் அபிஷேகம் பெற்றவர் என்றும் எழுதினார். 1912 இல் அனுராதபுரத்தில் கல்லில் செதுக்கிய சிலுவை ஒன்று கிடைத்தது. அந்தச் சபையின் வழிபாட்டு மொழி சிரியாக். அவர்கள் கையில் இருந்திருக்கக்கூடியது பெஷித்தா. அப்படியானால் அபயகிரியும் ஜேதவனமும் நிற்கும் ஊரில், மடவளை என்ற பெயரை யாரும் கேள்விப்படு முன்பே, ‘தக்காலா’ என்று யாரோ வாசித்திருக்க வேண்டும். அந்தக் குரல் அங்கேயே நின்றுபோயிற்று. வாரிசு இல்லை.

வாரிசு வைத்தது அரபுக் கிளை. கரையோரத்தில் நிலைகொண்ட சோனகர் அரபு எழுத்தில் தமிழ் எழுதினார்கள். அரபுத்தமிழ்க் கிதாபுகளில் கியாமத்தின் அடையாளங்களும் பேசப்பட்டன. போர்த்துக்கேயர் துரத்தியபோது 1626 இல் கண்டி மன்னன் செனரத் ஏராளமான முஸ்லிம்களை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். மலைக்குள்ளேயே தங்கியவர்கள் அரசனின் ‘மடிகே’ பகுதியில் சேர்ந்து தவளம் ஓட்டினார்கள். பொதி மாட்டின் முதுகில் கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏறும், மலையிலிருந்து பாக்கு இறங்கும். ஈர மூட்டையிலிருந்து உப்பு கரைந்து மாட்டின் விலாவில் வழிவதை வழி நெடுகப் பார்த்தவர்களுக்குத் தஜ்ஜால் எப்படிக் கரைவான் என்று விளக்க வேண்டியிருந்திராது.

அதே பாதையில் இன்னொரு கிளையும் ஏறியது. மேற்கே போன சொல் லத்தீனில் உருமாறாமல் போய், போர்த்துக்கேயர் வாயில் ‘அந்திக்ரிஸ்து’ ஆகி, தமிழுக்கு ‘அந்திக்கிறிஸ்து’வாக வந்தது. தமிழில் அச்சான முதல் நூல்களில் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ 1578 இல் கொல்லத்தில் வெளிவந்தது. போர்த்துக்கேயப் பாதிரிமாரின் காலத்துச் சொற்கள் பல இன்னும் நம் நாக்கில் இருக்கின்றன. ஆனால் இந்தச் சொல்லுக்குத் தமிழில் கிடைத்த அதிர்ஷ்டம் வேறு எந்த மொழியிலும் கிடைத்திருக்காது. கிரேக்கத்தில் ‘அந்தி’ என்றால் எதிர், அல்லது இன்னொருவரின் இடத்தில். தமிழில் அந்தி என்றால் பொழுது சாயும் வேளை. யாழ்ப்பாணத்தாருக்கு அந்தியேட்டி என்றால் முப்பத்தோராம் நாள் காரியம். தமிழ்க் காதில் அந்திக்கிறிஸ்து என்பது பொழுது சாய்கையில் வருகிற கிறிஸ்து, முடிவு காலத்து ஆள். யோவானும் இந்தச் சொல் முதலில் வரும் வசனத்தில் கடைசிக்காலத்தைப் பற்றித்தான் பேசுகிறார்! தற்செயலாக இவ்வளவு பொருத்தமாய் அமைந்த பெயர்ப்பை எந்தப் பண்டிதரும் உட்கார்ந்து செய்திருக்க முடியாது. 1995 இல் வந்த திருவிவிலியம் அதை ‘எதிர்க்கிறிஸ்து’ என்று திருத்தியது. இலக்கணப்படி சரி. எனக்குப் பழையதுதான் இனிக்கிறது.

ஒல்லாந்தர் வந்தார்கள். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கையோடு கத்தோலிக்கத்தைத் தடை செய்தார்கள். அவர்களுடைய புரட்டஸ்தாந்த முன்னோடிகளான லூத்தருக்கும் கல்வினுக்கும் அந்திக்கிறிஸ்து யார் என்பதில் சந்தேகமே இல்லை: ரோமாபுரியில் உள்ள பாப்பரசர். ஆக அந்திக்கிறிஸ்துவின் ஆட்கள் என்று சொல்லப்பட்ட கத்தோலிக்கர்களும் கரையிலிருந்து மலைக்கு ஓடினார்கள். 1687 இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கிய கோவாக் குரு யோசவ்வாஸ் 1692 இல் கண்டிக்கு வந்து, ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையிருந்து, பிறகு பௌத்த மன்னனின் ஆதரவோடு 1711 வரை அங்கேயே உழைத்து இறந்தார். போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம், ஒல்லாந்தர் துரத்திய கத்தோலிக்கர். இருவரும் மைத்திரி புத்தர் வருவார் என்று காத்திருக்கிற அரசர்களின் நிழலில். 1893 இல், அந்தப் பாப்பரசர் வரிசையில் வந்த பதின்மூன்றாம் லியோ இந்தியாவுக்கெல்லாமான குருமடத்தைக் கட்டுவித்ததும் இதே கண்டியில்தான்; 1955 இல்தான் அது பூனாவுக்குப் போனது.

ஒல்லாந்தர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. பிலிப்பு தெ மெல்லோ என்ற தமிழ்ப் போதகரின் புதிய ஏற்பாடு 1759 இல் கொழும்பில் அச்சானது. அதற்கு முன் தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715 இல் அச்சிட்டு முடித்தது. பின்னர் கோப்பிக் காலத்தில் தோட்டத்துக்கு நடந்து வந்த தமிழர்களுக்காக 1854 இல் கண்டியில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது; அந்த ஊழியர்களின் தோள்பைகளில் தமிழ் வேதாகமம் மலையேறியது. 1924 இல் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் இரண்டாம் வருகையை ஞாயிறுதோறும் முழங்கியது. வெள்ளுடை, மருந்து வேண்டாம், ஆயத்தமாயிருங்கள். மற்றதெல்லாம் கடல் கடந்து வந்த அச்சுச் சரக்கு: டார்பி என்ற போதகர் வகுத்த காலப்பிரிவுகள், 1909 இன் ஸ்கோஃபீல்டு வேதாகமம், ஐரோப்பியப் பொதுச்சந்தையின் பத்து நாடுகளே மிருகத்தின் பத்துக் கொம்புகள் என்ற எழுபதுகளின் கணக்கு. 1981 இல் கிரேக்கம் சேர்ந்து சரியாகப் பத்து ஆனது. 1986 இல் பன்னிரண்டு. கணக்குப் போட்டவர்கள் அதற்குப் பிறகு கொம்பு எண்ணவில்லை.

இனி மடவளைக் கடைவீதிக்கு வருவோம். பலசரக்குக் கடை ஒன்றின் பெயர்ப்பலகையில் மேலே 786. பிஸ்மில்லாஹ் முழுவதையும் எழுத்தெழுத்தாக அப்ஜத் முறையில் கூட்டினால் வரும் தொகை. அந்தப் பலகைக்குக் கீழே கண்ணாடி அலுமாரியில் பிஸ்கட் பக்கெற். முதுகில் கோட்டுக் குறியீடு, எண் 479 என்று தொடங்கும். அது இலங்கைக்கான எண். என் பிரசுரத்தின் இரண்டாம் பக்கத்தில் இதே குறியீடு அச்சாகி, மூன்று இடங்களில் சிவப்பு வட்டம். தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீண்டு தொங்கும் இரட்டைக் கோடுகள் 6 ஐக் குறிக்கும் கோடுகளைப் போலவே இருக்கின்றன, ஆகவே 666 என்பது வாதம். பக்கெற்றைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். 6 க்கு மெல்லிய இரு கோடுகளை அடுத்து அகலமான வெள்ளை இடமும் சேர வேண்டும். நீண்ட கோடுகளுக்கு அது கிடையாது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இயந்திரத்துக்குக் காட்டும் வேலி மட்டும் அவை. 1974 யூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு சூயிங்கம் பக்கெற்றை முதலில் வாசித்த நாளிலிருந்து அந்த வேலி இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், 666 ஐ அவிழ்க்கும் திறவுகோல் மேலே பலகையில்தான் தொங்குகிறது. எழுத்தைக் கூட்டி எண்ணாக்கும் வழக்கம் யூதர், கிரேக்கர், அரபியர் எல்லோருக்கும் பொது. நீரோ கைஸர் என்பதை ஹீப்ருவில் எழுதி, அதற்கொத்த அரபு எழுத்துகளால் மத்ரஸாப் பிள்ளை ஒருவரைக் கூட்டச் சொல்லுங்கள். நூன் 50, றா 200, வாவ் 6, நூன் 50, காஃப் 100, ஸீன் 60, றா 200. மொத்தம் 666. பெயரின் கடைசி நூனை விட்டுவிட்டால் 616. பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் அந்த எண்தான் இருக்கிறது. கிறிஸ்தவர்களை எரித்துக் கொன்ற ரோமச் சக்கரவர்த்தியை வெளிப்படையாகப் பெயர் சொல்ல முடியாத காலத்தில் எழுதிய பூடகம் என்று ஆய்வாளர் பலர் சொல்வதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆள் இறந்தது கி.பி. 68 இல். பிஸ்கட்டுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை.

இப்போது இரண்டு கிளைகளும் கைபேசியில் ஒட்டிக்கொண்டன. அமெரிக்க ஒரு டொலர்த் தாளில் பிரமிட்டின் உச்சியில் இருக்கும் ஒற்றைக் கண், எங்கள் குழுக்களில் தஜ்ஜாலின் கண். கிறிஸ்தவ நண்பர் அனுப்பும் காணொளியில் அந்திக்கிறிஸ்துவின் கண். குரல்தான் வேறு, படம் ஒன்று. கொவிட் தடுப்பூசிக்கும் அப்படியே நடந்தது, எரிபொருள் க்யூஆர் அட்டைக்கும் அப்படியே.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிட முடியாது. 2014 இல் ஐஎஸ் இயக்கம் தன் சஞ்சிகைக்கு வைத்த பெயர் ‘தாபிக்’. இறுதிக்காலப் போர் நடக்கும் என்று ஹதீஸில் வரும் ஊர். 2019 ஏப்ரல் 21, இலங்கையில் ஈஸ்டர் ஞாயிறு. உயிர்த்தெழுந்த ஈஸாவைக் கொண்டாடப் போனவர்களை, அதே ஈஸா இறங்கி வருவார் என்று நம்புகிற சமூகத்தில் பிறந்தவர்கள் கொன்றார்கள். அந்தக் கொலைக்கு உரிமை கோரியது அதே ஐஎஸ். அந்த வாரம் எங்கள் பள்ளியில் நான்காவது பாதுகாப்பை ஓதியபோது எனக்கு முகம் ஏதும் தோன்றாமல் இருக்கவில்லை. தோன்றியவை எங்களுக்குள்ளிருந்து போன முகங்கள்.

அந்தப் பிரசுரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கீழே உள்ள எண்களை ஒவ்வொன்றாகத் தேடி வாசித்தேன். 1 யோவான் 2:18 இருக்கிறது. அதற்கு அடுத்த வசனம், அவர்கள் நம்மிடமிருந்தே புறப்பட்டுப் போனவர்கள் என்று யோவான் சொல்லுகிற 19, பட்டியலில் இல்லை. வேதாகமம் கையில் உள்ளவர்கள் அதையும் சேர்த்து வாசியுங்கள். ஹதீஸ் கிதாபு உள்ளவர்கள் தமீமுத் தாரியின் அறிவிப்பை எடுத்து, அந்த மடத்தைக் குறிக்கும் சொல்லில் விரலை வைத்துப் பாருங்கள்.